குருந்தக் கல்லின் ஊரும் கோடி ஆண்டுக் கணக்கும்

தஞ்சைத் தரணியிலே நெல் உண்டு, நீர் உண்டு, தென்னை உண்டு. கல் மட்டும் இல்லை. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை வயல் வரப்பின்மீதே நடந்து சென்றாலும், நிலத்தினின்று தானாக எழுந்து நிற்கும் பாறை ஒன்றையேனும் காண்பது அரிது. நம் இல்லங்களில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் மேற்கேயிருந்து வண்டியேறி வந்தவை. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் கருங்கற்கள் அத்தனையும் வெளியிலிருந்து கொணரப்பட்டவை. நம் பழைய ஆலயங்களின் வாயிற்படிகளும், கல்லறைத் தோட்டங்களில் முன்னோரின் பெயர் தாங்கி நிற்கும் பலகைகளும் அவ்வாறே.

ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கின், நாம் கல்லின்மீதுதான் வாழ்கிறோம். வண்டலும் மணலும் வேறென்ன? மேற்கே நின்ற மலைகள் வெயிலிலும் மழையிலும் நொறுங்கி, காவிரி அன்னையின் மடியிலே உருண்டு, பொடியாகி வந்து சேர்ந்தவையே அவை. அம்மலைகளின் வயது என்ன? பிள்ளைகள் கேட்டால் "பழைய காலத்து மலை" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். அவ்வளவில் நின்றுவிடத் தேவையில்லை. வயதைச் சொல்லக் கற்ற கடிகாரங்கள் அப்பாறைகளுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் கலை கடந்த நூறு ஆண்டுகளிலே வளர்ந்தது. காவிரிக்கு அருகிலேயே அக்கலைக்குக் கடுஞ்சோதனை வைத்த ஓர் ஊரும் உண்டு. அவ்வூரைப் பற்றியே இம்மாதம் வாசக அன்பர்களோடு பேச விழைகிறோம்.

கல்லணையைத் தாண்டி, முக்கொம்பு, முசிறி, மோகனூர் எனக் காவிரியை எதிர்த்துச் சென்றால் பரமத்தி வேலூர் வரும். அதற்கு வடமேற்கே, நாமக்கல் மாவட்டத்திலே, சித்தம்பூண்டி என்னும் சிற்றூர் உள்ளது. 1997 வரை அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே பழைய நூல்களில் சேலம் என்றே காணப்படும். மலை என்று அண்ணாந்து பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்டு நிலமும் சோளக் கொல்லையும். இடையிடையே வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டை பட்டையாக நிலத்தில் புடைத்துக் கிடக்கும் பாறைகள். அப்பட்டைகள் கிழக்கு மேற்காக முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. வெண்ணிறப் பாறைக்கு அனார்த்தோசைட்டு என்று பெயர். அதனிடையே செந்நிறமும் சாம்பல் நிறமுமாய்ச் சிறு கற்கள் பதிந்திருக்கும். அவையே குருந்தக் கற்கள்.

குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லே இன்று உலகெங்கும் அறிவியல் நூல்களில் கொரண்டம் என வழங்குகிறது. வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது அது. அதன் தூளை அரக்கோடு சேர்த்துச் செய்த சாணையில்தான் நம் நாட்டு மணி தீட்டுவோர் மணிகளைத் தீட்டினர். செந்நிறமும் தெளிவும் கூடி அமைந்தால் அதே குருந்தமே மாணிக்கம் எனப்படும்; நீலமாயின் நீலக்கல். 1798-இல் சார்லஸ் கிரெவில் என்னும் ஆங்கிலேயர் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் எழுதினார். 1802-இல், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இலண்டனில் வாழ்ந்த பூர்னோன் பிரபு, அக்கல்லைத் தாங்கியிருந்த வெண்பாறையையும் ஆராய்ந்தார். அவ்வெண்கனிமம் பின்னர் அவராலேயே 'இந்தியனைட்டு' எனப் பெயர் பெற்றது. கல்லைத் தோண்டிக் கொடுத்த உழவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்பட்டைகளின் பிறப்பை முறையாக விளக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஏ. பி. சுப்பிரமணியம். 1956-இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழில் அவருடைய நீண்ட ஆய்வு வெளிவந்தது. பூமியின் அடியிலே உருகிய பாறைக்குழம்பு பெருந்தேக்கமாகத் தங்கி, மெல்ல மெல்ல ஆறி, அடுக்கடுக்காக உறைந்ததே சித்தம்பூண்டிப் பாறை என்றும், பின்னர் அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது என்றும் அவர் காட்டினார்.

அடுக்கு எவ்வாறு உண்டாகிறது? இதனை நம் தாய்மார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரிசியை நீரிலிட்டு அரிக்கும்போது கல் அடியிலே தங்கும், உமி மேலே மிதக்கும், அரிசி நடுவிலே நிற்கும். பாறைக்குழம்பு ஆறுகையிலும் ஏறத்தாழ அப்படியே. முதலில் உறையும் கனமான மணிகள் கீழே இறங்கிப் படியும்; குரோமைட்டு என்னும் கருங்கனிமம் இவ்விதம் தனி அடுக்காகச் சேரும். இலேசான வெண்மணிகள் குழம்பிலே மிதந்து மேலே திரளும். இவ்வாறு உண்டான பாறைகளுள் உலகிலேயே மிகப் பெரியது தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு. உலகின் பிளாட்டினத்திலும் குரோமியத்திலும் பெரும்பங்கு அங்கிருந்தே எடுக்கப்படுகிறது. சித்தம்பூண்டி அதற்கு மிகச் சிறிய தங்கை. வயதில் மட்டும் மூத்தவள். இங்கும் குரோமைட்டு அடுக்குகள் உண்டு. பிளாட்டினம் இனத்து உலோகங்களைத் தேடி அரசுத் துறையினர் ஆய்வும் நடத்தியுள்ளனர்.

வயதில் மூத்தவள் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதை எப்படி அறிவது?

கீழே உள்ள அடுக்கு மூத்தது, மேலே உள்ளது இளையது என்னும் விதியை 1669-இல் வகுத்தவர் நிக்கோலாஸ் ஸ்டேனோ. தேனியரான அவர் கத்தோலிக்கராகி, பின்னர் குருவானார், ஆயருமானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். (நம் தரங்கம்பாடியில் தேனியர் 1620-இல் கோட்டை கட்டிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் கோப்பன்ஹேகனில் பிறந்தவர் இவர்.) ஸ்டேனோவின் விதி எது முந்தியது என்று சொல்லும், எத்தனை ஆண்டு முந்தியது என்று சொல்லாது. சித்தம்பூண்டியிலோ அதற்கும் இடரே. அங்குள்ள அடுக்குகள் மடிந்தும் செங்குத்தாய்த் திரும்பியும் கிடக்கின்றன.

ஆண்டுக் கணக்கைச் சொல்ல முயன்றோர் பலர். ஆர்மாக் நகரின் ஆங்கிலிக்கன் பேராயர் அஷர் திருநூலின் தலைமுறைகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-இல் தோன்றியது என 1650-இல் எழுதினார். கெல்வின் பிரபு பூமி ஆறும் வேகத்தைக் கணக்கிட்டு, 1897-இல், இரண்டு கோடிக்கும் நான்கு கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்றார். பெரிய அறிஞர், கணிதமும் பிழையற்றது. ஆனால் பூமிக்குள் நிகழும் ஒரு செயலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஓராண்டு முன்னர்தான், 1896-இல், பெக்கெரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டிருந்தார். அதன் பொருளை அப்போது எவரும் முழுதும் உணரவில்லை.

யுரேனிய அணு தானாகவே சிதைந்து, படிப்படியாக மாறி, இறுதியில் காரீயமாகிறது. அச்சிதைவின் வேகத்தைத் தீயும் மாற்றாது, நீரும் மாற்றாது. 238 என்னும் எடை கொண்ட யுரேனியத்தில் பாதி சிதைவதற்கு 446.8 கோடி ஆண்டுகள் ஆகும். 235 எடை கொண்டதில் பாதி சிதைய 70.4 கோடி ஆண்டுகளே போதும். ஒரு கல்லில் எஞ்சிய யுரேனியம் எவ்வளவு, பிறந்த காரீயம் எவ்வளவு என்று அளந்தால் அக்கல்லின் வயது கிடைக்கும். ரதர்போர்டு இவ்வழியைச் சுட்டினார். போல்ட்வுட் 1907-இல் முதல் வயதுகளை வெளியிட்டார். 1911-இல் ஆர்தர் ஹோம்ஸ் என்னும் இளைஞர் அதனைச் செம்மைப்படுத்தினார்.

எந்தக் கல்லும் இதற்கு ஏற்றதன்று. தொடக்கத்திலேயே காரீயம் கலந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். இங்கேதான் சிர்க்கான் என்னும் கனிமத்தின் பெருமை. அது உறையும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். காரீயத்தையோ சேர்க்க மறுக்கும். ஆகவே இன்று அதனுள் உள்ள காரீயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது. மேலும் அதனுள் ஒன்றன்று, இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. 254 கோடி ஆண்டு வயதுடைய சிர்க்கானை எடுத்துக்கொள்வோம். மெதுவான கடிகாரத்தில், நூறு பங்கு யுரேனியத்தில் 67 பங்கு இன்னும் எஞ்சியிருக்கும். விரைவான கடிகாரத்தில் நூற்றுக்கு 8 பங்கே எஞ்சும். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிடில், இடையிலே காரீயம் கசிந்தோடியது என்று பொருள். அக்கசிவையும் வரைபடத்தில் கண்டு திருத்தும் முறையை வெதரில் என்பவர் 1956-இல் வகுத்தார். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கிளேர் பாட்டர்சன் அறிவித்ததும் அதே 1956. சுப்பிரமணியத்தின் சித்தம்பூண்டிக் கட்டுரையும் அவ்வாண்டினதே. மூவர் ஒரே ஆண்டில் மூன்று திறவுகோல்களைச் செய்தனர் என்று எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது.

ஆனால் சித்தம்பூண்டி போன்ற அடுக்குப் பாறைகளில் ஒரு பெருந்தடை உண்டு. சிர்க்கான் கருங்கற்களில் தாராளமாகக் கிடைக்கும். இத்தகைய அடித்தளக் குழம்பிலோ அது மிக அரிது. குழம்பு அனைத்தும் உறைந்தபின் இடுக்குகளில் தேங்கிய கடைசிச் சொட்டிலே சில நுண்மணிகள் உண்டானால் உண்டு. கல்லைப் பொடித்து, நீரில் அரித்து, காந்தத்தால் இரும்புக் கனிமங்களை விலக்கி, கனமான திரவத்தில் இட்டு மற்றவற்றை மிதக்கவிட்டு, எஞ்சியதை உருப்பெருக்கியின்கீழ் ஒவ்வொரு மணியாக ஊசிமுனையால் பொறுக்க வேண்டும். கூடை கூடையாய்க் கல் பொடித்தும் வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் அவ்வாய்வுக்கூடங்களில் உண்டு. ஜெபமாலை மணியை எண்ணும் பொறுமை வேண்டும் என்றால் மிகையாகாது.

இந்தத் தடையால் முதலில் வேறு வழி நாடப்பட்டது. சமாரியம் என்னும் தனிமம் நியோடிமியமாக மாறும் கடிகாரம் அது. மிக மெதுவாய் ஓடுவது. ஹைதராபாதிலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கர ராவும் உடன் உழைத்தோரும், முழுப்பாறைத் துண்டுகள் பலவற்றை அளந்து, சித்தம்பூண்டியின் வயது 290 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று 1996-இல் எழுதினர். அதன்பின் அதே நிறுவனத்து ராம் மோகன் அயல்நாட்டு அறிஞரோடு சேர்ந்து, அனார்த்தோசைட்டிலிருந்து சிர்க்கான் மணிகளைப் பிரித்தெடுத்து, லேசர் கதிரால் புள்ளி புள்ளியாகச் சுரண்டி அளந்தார். 2013-இல் வெளிவந்த விடை: 254 கோடி ஆண்டுகள், கூடுதல் குறைவு ஏறத்தாழ ஒரு கோடி.

நாற்பது கோடி ஆண்டு வேறுபாடு! அது சிறு பிணக்கன்று. ஒரே குடும்பத்தில் பாட்டியின் வயதைப் பற்றி இருவர் இருவேறாகச் சொன்னால், யார் பிறப்பேட்டைப் பார்த்தார் என்று கேட்போமல்லவா? முழுப்பாறைக் கணக்கு ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: அளந்த துண்டுகள் அனைத்தும் ஒரே குழம்பிலிருந்து, ஒரே கலவையோடு புறப்பட்டன என்பதே அது. குழம்பு மேலேறும் வழியில் பழைய பாறையைக் கரைத்து உண்டிருந்தால், துண்டுக்குத் துண்டு கலவை மாறி, இல்லாத முதுமை ஒன்று கணக்கில் தோன்றிவிடும். சிர்க்கானோ தானே பிறந்த நாளைக் குறித்து வைத்துள்ளது. எனவே சிர்க்கானின் சாட்சியத்தையே ஏற்பது நேர்மை என நமக்குத் தோன்றுகிறது. எனினும் முந்தைய உழைப்பு வீணன்று. அந்தக் கடிகாரம் இல்லையேல் இந்தக் கேள்வியே எழுந்திராது.

சிர்க்கான் இன்னொன்றும் சொன்னது. மணியைக் குறுக்கே தேய்த்து, எதிர்மின் கதிர்களைப் பாய்ச்சி ஒளிரச் செய்தால், மரத்தின் வளையங்களைப் போல உள்ளே வரிகள் தெரியும். நடுவே ஒரு கரு. அதைச் சூழ்ந்து பின்னர் வளர்ந்த ஒரு தோல். கரு 254 கோடி என்கிறது. பிற்காலத்து வளர்ச்சியோ 246 கோடி ஆண்டு என்கிறது. அதாவது, உறைந்து எட்டுக் கோடி ஆண்டுகள் சென்றபின் அப்பாறை மீண்டும் ஆழத்திலே வெந்தது. உருகவில்லை, ஆனால் புதுக் கனிமங்கள் முளைக்குமளவு வெந்தது.

அதோடும் முடியவில்லை. வெப்பத்தை மறக்கும் இயல்பு கனிமத்துக்குக் கனிமம் வேறு. சிர்க்கான் 900 பாகை வெப்பத்திலும் தன் காரீயத்தைக் கைவிடாது. அப்பிரகமோ 300 பாகை அளவிலேயே தன் கடிகாரத்தை மீண்டும் தொடக்கத்திற்குத் திருப்பிவிடும். செம்மணிக் கல் எனப்படும் கார்னெட்டு இடைநிலையில் நிற்கும். 1996-ஆம் ஆண்டு ஆய்வில், இப்பகுதிப் பாறைகளின் தனிக் கனிமங்கள் நூறு கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதையே காட்டின. முன்னது பொய், பின்னது மெய் என்று கொள்ளலாகாது. இரண்டும் மெய்யே. பிறந்த நாள் ஒன்று, பூசுதல் பெற்ற நாள் ஒன்று, மணநாள் ஒன்று என ஒரே ஆளுக்குப் பங்கு ஏடுகளில் பல தேதிகள் இருப்பதில்லையா? ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருங்கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்னும் மாபெரும் நிலமாக இணைந்தபோது, தென்னிந்தியாவின் இப்பகுதி அந்தத் தையலிலே அகப்பட்டது. புவியியலார் அதற்கு இட்ட பெயர் பாலக்காடு–காவிரித் தையல் வளையம். கண்டங்களின் தழும்பு ஒன்று நம் ஆற்றின் பெயரால் உலக நூல்களில் வழங்குகிறது என்பது தஞ்சை மாவட்டத்தார் பலரும் அறியாத செய்தி.

இவ்வளவு பெரிய எண்களைக் கேட்கும்போது, "ஆறு நாள் படைப்பு என்னாவது?" என்று இல்லங்களில் கேள்வி எழுதல் இயல்பு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951 நவம்பர் 22 அன்று திருப்பீட அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், யுரேனியம் காரீயமாவதைக் கொண்டு கணிக்கும் இம்முறையையே எடுத்துக்காட்டி, மிகப் பழைய கனிமங்களுக்கு ஐந்நூறு கோடி ஆண்டு வரை வயது கூறப்படுவதைத் தயக்கமின்றிப் பேசினார். அஷர் பேராயரின் கணக்கைக் காப்பாற்றும் கடமை நமக்கு இல்லை.

மணலுக்கு வருவோம். சிர்க்கான் மணி எளிதில் தேயாது, கரையாது. தாய்ப்பாறை நொறுங்கிப் போனாலும் அது ஆற்றோடு பயணம் செய்யும். சேலத்திலிருந்து தெற்கே ஓடிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு முதலிய ஓடைகள் அந்நிலத்தின் பொடியைக் காவிரியில் சேர்க்கின்றன. பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ கடற்கரையில் நடப்போர், அலை வாங்கிய இடத்தில் கருங்கோடுகள் படிந்திருப்பதைக் கண்டிருப்பர். கனமான கனிமங்கள் அங்கே அலையால் அரிக்கப்பட்டுத் தங்கியிருக்கின்றன; ஊடே சிவந்து மின்னுவது கார்னெட்டு. சிர்க்கானும் அக்கூட்டத்தில் ஒன்று. கொள்ளிடத்திலும் காவிரியிலும் லாரி லாரியாக மணல் அள்ளப்பட்டதைப் பல்லாண்டு கண்டவர்கள் நாம். ஒரு லாரி மணல் மேலிருந்து வந்து சேர எத்தனை வெள்ளம் வேண்டுமோ! அள்ளுவதற்கோ அரைமணி நேரம் போதும்.

வண்டலுக்கு அடியிலும் பழம்பாறை உண்டு. எண்ணெய் தேடிச் சீர்காழிப் பக்கம் மாதானத்தில் துளையிட்டபோது, வண்டலையும் கடற்படிவங்களையும் கடந்து, அடித்தளமாகிய தொன்மைப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. கல்லில்லாத் தஞ்சை என்று தொடக்கத்தில் சொன்னது மேற்பரப்பைப் பற்றி மட்டுமே.

சித்தம்பூண்டிக்கு அண்மைக்காலத்தில் வேறொரு புகழும் வாய்த்தது. நிலவின் வெண்மையான மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட்டால் ஆனவை. பூமியில் இப்பாறை பல நாடுகளில் இருப்பினும், நிலவினதைப் போலச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வகை அரிது. சித்தம்பூண்டிப் பாறை அவ்வகையினது. சந்திரயான்-2 கலத்தை நிலவில் இறக்கிப் பழக, நிலவின் மண்ணைப் போன்ற மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறை, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாரின் துணையோடு பொடியாக்கப்பட்டு, ஏறத்தாழ 50 டன் அளவில் பெங்களூரு சென்றது. அதனைச் செய்யும் முறைக்கு 2020-இல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது. சென்னைப் பரங்கிமலையின் சார்னக்கைட்டுப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. அத்தகைய காவல் இவ்வூரின் பட்டைப் பாறைகளுக்கும் தகும். சல்லிக்கல் ஆகிவிட்ட பாறையில் அடுக்கைக் காட்ட இயலாது.

சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலம் 2019-இல் நொறுங்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் பத்திரமாய் இறங்கியது. அதன் ஊர்தி அங்குள்ள மண்ணை அளந்தது. 2024-இல் வெளியான முடிவின்படி, அம்மண் அனார்த்தோசைட்டு வகையையே ஒத்திருந்தது. நிலவு முழுதும் ஒரு காலத்தில் உருகிய குழம்புக் கடலாயிருந்து, அதிலே வெண்மணிகள் மிதந்து திரண்டு மேலோடாயின என்னும் கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் கொணர்ந்து, 'ஆதியாகமக் கல்' எனச் செல்லப்பெயர் பெற்ற துண்டும் அனார்த்தோசைட்டே. அதன் வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.